பழைய ஹூவரைத் திறந்து பார்த்தால்

போன செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த ஒரு இரவு, யூடியூப்பில் ஒரு வீடியோ வந்து அகப்பட்டது. இங்கிலாந்தில் யாரோ ஒருவரின் வீட்டுக் கராஜ். மேசையில் ஒரு பழைய ஹூவர் ஜூனியர், ஐம்பதுகளில் செய்தது. மனுசன் அதை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றுகிறார். மோட்டரை வெளியில் எடுத்து, உள்ளே அடை அடையாக இறுகிப்போயிருந்த தூசை ஒரு பெயின்ற் பிரஷால் தட்டித் தட்டி எடுக்கிறார். கதை பேச்சு பெரிதாக இல்லை. நாற்பது நிமிசம். முழுக்கப் பார்த்தேன். பரீட்சை எப்படிப் போனது என்று கேட்கவேண்டாம்.

அதற்குப் பிறகு இப்படியான வீடியோக்கள் கணக்கில்லாமல் பார்த்துவிட்டேன். பழைய வக்கூம் கிளீனர்களை, நல்ல தமிழில் சொன்னால் தூசு உறிஞ்சிகளை, தேடி வாங்கித் திருத்துகிறது ஒரு தனி உலகம். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சேகரிப்பாளர் சங்கம் 1980களில் இருந்து இயங்குகிறது. மிசூரி மாநிலத்தில் சென்ற் ஜேம்ஸ் என்ற சின்ன ஊரில் தூசு உறிஞ்சிகளுக்கு மட்டும் ஒரு அருங்காட்சியகம் அமைத்தார்கள். ஒஹாயோவில் ஹூவர் குடும்பத்தின் பழைய வீடு இன்னொரு அருங்காட்சியகம்.

எனக்கு இதில் சின்ன வயது ஞாபகம் ஒன்றும் கிடையாது. எங்கட வீட்டில் சீமெந்து நிலம். உள்ளுக்குத் தும்புத்தடி, முத்தத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு, அவ்வளவுதான். இந்த மெஷின் கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீட்டுக்கானது. கம்பளத்தின் நூலுக்குள் இறங்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும் மண்ணை விளக்குமாறு எடுக்காது, அதுதான் பிரச்சினை. ஆனால் வரலாறு படிக்கிற ஒருத்திக்கு அந்த வீடியோக்களில் ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதல் மெஷின் எப்படி வந்தது என்று பார்க்கவேணும்.

தூசை ஊதித் தள்ளுகிற மெஷின்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்தன. லண்டனில் அப்படி ஒன்றின் செயல்விளக்கத்தைப் பார்த்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் கதிரை மெத்தையில் கைக்குட்டையைப் போட்டு, அதன் மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். தூசு தொண்டைக்குள் போய் இருமினாராம், ஆனால் கைக்குட்டையின் மறுபக்கத்தில் அழுக்கு வட்டமாக ஒட்டியிருந்தது. 1901இல் பேட்டன்ற் எடுத்தார். அவருடைய மெஷின் வீட்டுக்குள் வராது. குதிரை வண்டியில் ஏற்றின பெற்றோல் எஞ்சினும் பம்பும் தெருவில் நிற்கும், நீளமான குழாய்கள் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும், கூலியாட்கள் உள்ளே நின்று சுத்தம் செய்வார்கள். 1902இல் ஏழாம் எட்வேர்ட்டின் முடிசூட்டுக்கு முன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை இதுதான் சுத்தமாக்கியது. பணக்கார வீடுகளில் ஆட்களைத் தேநீருக்கு அழைத்து, அழுக்குப் போவதைக் காட்டினார்களாம். அந்த வீடுகளில் அதுவரை முழங்காலில் நின்று கம்பளம் தேய்த்த வேலைக்காரப் பெண்கள் அந்தத் தேநீர் விருந்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யாரும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை.

வீட்டுக்குள் வந்த மெஷின் வேறொருவருடையது. இந்த ஆளைத்தான் எனக்கு நிறையப் பிடிக்கும்.

ஜேம்ஸ் மரி ஸ்பாங்லர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கன்ரன் நகரில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தார், ஆஸ்துமா வேறு. கம்பளம் கூட்டுகிற கருவியில் இருந்து கிளம்புகிற தூசு அவருக்கு மூச்சை அடைத்தது. பழைய மின்விசிறி மோட்டர் ஒன்று, விளக்குமாற்றுத் தடி ஒன்று, தூசு பிடிக்க ஒரு தலையணை உறை. இவற்றை வைத்து ஒன்றைச் செய்தார். முன்னுக்குச் சுழலுகிற பிரஷ், பின்னுக்குக் காற்றை இழுக்கிற விசிறி, அதற்குப் பின்னால் பை. இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிற வகைத் தூசு உறிஞ்சிகளின் அடிப்படை அமைப்பு இதுதான். 1908 யூன் 2ஆம் திகதி அவருக்குப் பேட்டன்ற் கிடைத்தது. சும்மா யோசிச்சுப் பாருங்கோ, கூட்டுகிற வேலையை நாள் முழுக்கச் செய்த ஒருவர், அந்த வேலை தன்னைக் கொல்லுது என்பதற்காகவே கண்டுபிடித்த மெஷின் இது.

பெரிதாகச் செய்து விற்க அவரிடம் காசு இல்லை. அவர் செய்த ஒரு மெஷினை சூசன் ஹூவர் என்ற பெண் வீட்டில் பாவித்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னார். கணவர் வில்லியம் ஹூவர் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்கிற வியாபாரி. கார் வரத் தொடங்கிவிட்டது, குதிரை போகப்போகிறது, சேணத்துக்கு எதிர்காலம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதே 1908இல் பேட்டன்ற்றை வாங்கினார். ஸ்பாங்லர் அதே கம்பனியில் வேலை செய்து, விற்பனையில் ஒரு பங்கு வாங்கி, 1915இல் இறந்துபோனார். பிரித்தானிய ஆங்கிலத்தில் 'ஹூவர்' ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. லண்டனில் இருக்கிற எங்கட ஆட்களும் 'ஹூவர் பண்ணுறது' என்றுதான் சொல்வார்கள். யாரும் 'ஸ்பாங்லர் பண்ணுறது' இல்லை.

ஹூவர் கம்பனியின் கெட்டித்தனம் விற்கிறதில் இருந்தது. 1908 கடைசியில் பத்திரிகை விளம்பரம் போட்டு, பத்து நாள் சும்மா பாவித்துப் பாருங்கள் என்றார்கள். கேட்டு எழுதினவர்களுக்கு நேரே அனுப்பாமல் அந்தந்த ஊர்க் கடைக்காரரிடம் அனுப்பி, அந்தக் கடைக்காரரையே முகவர் ஆக்கினார்கள். பிறகு வீடு வீடாக விற்பனையாளர்கள். சுத்தமென்று நினைத்திருந்த கம்பளத்தில் மெஷினை ஓட்டி, பிடித்த அழுக்கை வீட்டுக்காரியின் முன்னால் கொட்டிக் காட்டுகிறது அவர்களின் முக்கியமான வித்தை. அதாவது முதலில் வெட்கத்தை விற்று, பிறகு மெஷினை விற்றார்கள். 1926இல் வந்த 700ஆம் மொடலில், சுழலுகிற உருளையில் பிரஷோடு உலோகத் தண்டும் வைத்தார்கள், அது கம்பளத்தைத் தட்டித் தட்டி மண்ணைக் கிளப்பும். அடிக்கும், கூட்டும், சுத்தமாக்கும் என்பதுதான் கம்பனியின் சுலோகம்.

அந்த 'அடிக்கும்' என்ற சொல்லுக்குள் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. மெஷின் வர முதல், பெரிய கம்பளங்களை வருசத்துக்கு ஓரிரு தரம் வெளியில் கொண்டுபோய்க் கயிற்றில் தொங்கப்போட்டு அடிப்பார்கள். பாரமான வேலை. ஆம்பிளைகளும் பொடியன்களும் சேர்ந்து செய்கிறது, வசதியான வீடென்றால் கூலியாட்கள். மெஷின் வந்த பிறகு அதை வெளியில் தூக்கத் தேவையில்லை. வருசத்துக்கு ஒரு தரம் பலர் சேர்ந்து செய்த வேலை, கிழமைக்கு ஒரு தரம் ஒரு பெண் தனிய செய்கிற வேலையாக மாறியது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விரிவாகக் காட்டுகிறார். வீட்டுக்கு வந்த புதிய கருவிகள் மிச்சப்படுத்தியது பெரும்பாலும் புருசனின், பிள்ளைகளின், வேலைக்காரரின் உழைப்பை. வீட்டுக்காரியின் வேலை குறையவில்லை, ஏனென்றால் எவ்வளவு சுத்தம் போதும் என்ற அளவுகோலே மேலே ஏறிவிட்டது. அவருக்கு முன்னர் ஜோஆன் வனெக் 1974இல் அமெரிக்க நேரக்கணக்கு ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். வெளிவேலைக்குப் போகாத பெண்கள் 1924இல் கிழமைக்கு ஏறத்தாழ 52 மணித்தியாலம் வீட்டுவேலை செய்தார்கள். அறுபதுகளில், தூசு உறிஞ்சியும் உடுப்புத் தோய்க்கிற மெஷினும் வந்த பிறகு, 55.

இனிக் கராஜுக்குத் திரும்புவோம்.

ஒரு பழைய ஹூவரைத் திருத்துகிறது என்றால் என்ன செய்வார்கள்? முதல் வேலை வயர். பழைய ரப்பர் உறை காய்ந்து தெறித்திருக்கும், அதை மாற்றாமல் பிளக்கில் போட்டால் ஆள் முடிஞ்சுது. சில மெஷின்களின் உடம்பு முழுக்க உலோகம், ஆனால் எர்த் வயர் கிடையாது. அடுத்தது மோட்டர். உள்ளே சுற்றுகிற செப்புப் பட்டைகளின் மேல் இரண்டு சின்னக் கார்பன் கட்டைகள் அழுத்திக்கொண்டிருக்கும், கறண்ட் அதன் வழியேதான் போகும். கட்டை தேய்ந்து குட்டையாகிவிட்டால் பொறி பறக்கும். அவற்றை மாற்றி, செப்பைத் துடைத்து, பெயரிங்குக்குக் கிரீஸ் போடுவார்கள். ரப்பர் பெல்ட் புதிது. பிரஷின் மயிர் புதிது. அலுமினியத்தை முகம் தெரியும் வரை தேய்ப்பார்கள். பேக்கலைட் மூடியின் மங்கலைப் பொலிஷ் போட்டு எடுப்பார்கள். துணிப் பையைக் கழுவி, கிழிந்திருந்தால் வேறு பை. கடைசியில் சுவிட்சைப் போட, அறுபது எழுபது வருசம் பழைய மோட்டர் உறுமிக்கொண்டு எழும்பும். பொய் சொல்லக்கூடாது, அந்த இடத்தில் எனக்கும் மயிர்க்கூச்செறியும்.

இந்த ஆட்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த மெஷின்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அருங்காட்சியகங்கள் எடுத்து வைக்கிறது வடிவான மெஷின்களைத்தான். 1936இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150, 1937இல் லூரெல் கில்ட் வடிவமைத்த எலெக்ட்ரோலக்ஸ் முப்பதாம் மொடல், இரண்டுமே ரயில் எஞ்சின் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற கோலம். பெரிவேலில் இருந்த ஹூவர் தொழிற்சாலைக் கட்டடம்கூடச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. முப்பதுகளின் அந்த வெள்ளை மாளிகையின் பின்பக்கத்தில் 1992இல் இருந்து சுப்பர்மார்க்கெட். சாதாரண வீட்டுச் சாதாரண மெஷினைக் காப்பாற்றினது இந்தக் கராஜ் ஆட்கள்தான். அதோடு ஒரு பழைய மெஷினின் சத்தம் எப்படி என்று எந்த ஆவணக் காப்பகமும் சொல்லாது, ஓட்டினால்தான் தெரியும்.

அவர்களிடம் இருந்து நான் படித்ததும் நிறைய. மெஷினின் அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், எத்தனை வோல்ற் என்று போட்டிருக்கும். பிரித்தானிய மெஷின்களில் அது ஒன்றுக்கொன்று வித்தியாசம். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மின்னழுத்தம் வேறு, சில ஊர்களில் மின்னோட்டத்தின் வகையே வேறு. வீடு மாறினால் மெஷின் வேலை செய்யுமோ தெரியாது. இன்னொன்று, பல வீடுகளில் லைற்றுக்கு மட்டும்தான் வயரிங் இருந்தது, சுவரில் பிளக் இல்லை. அதனால் பல்பைக் கழற்றிவிட்டு, கூரையில் தொங்குகிற ஹோல்டரில் தூசு உறிஞ்சியின் வயரை மாட்டினார்கள். கதிரையில் ஏறி மாட்டி, இறங்கி, தலைக்கு மேலே ஆடுகிற வயரோடு, லைற் இல்லாத அறையில் கூட்டுகிறது. விளம்பரப் படத்தில் இதெல்லாம் வராது. பழைய மெஷினோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ஹோல்டர் பிளக்தான் சாட்சி. திருத்துகிறவர்கள் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் போடுவார்கள். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் சாட்சி குப்பைக்குப் போகிறது.

எனக்கு உறுத்தினது இதுதான். நாணயவியல் வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, பழைய செப்புக் காசை உரஞ்சிக் கழுவாதே என்பது. பளபளப்பு வரும், படிந்திருந்த தகவல் போய்விடும். தூசு உறிஞ்சியிலும் அப்படித்தான். தேய்ந்து மொட்டையாகிப்போன பிரஷ், அந்த வீட்டில் புதுப் பிரஷ் வாங்கக் காசு இல்லாமல் எத்தனையோ காலம் ஓட்டினார்கள் என்று சொல்லக்கூடும். பையில் வேறு துணியால் போட்ட ஒட்டு, யாரோ ஒரு அம்மா ஊசி நூல் எடுத்த பின்னேரம். முன்பக்கத்துக் கீறல்கள் எல்லாம் கதிரைக் காலிலும் படியிலும் இடிபட்டவை. சேகரிப்பாளர் அதையெல்லாம் அழித்து மெஷினைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துகிறது கடைக் கண்ணாடிக்குள். அது விற்கப்பட்ட நாள் திரும்பி வருகிறது. பாவிக்கப்பட்ட முப்பது வருசம் காணாமல் போகிறது.

பெட்டி பிரிக்காத மெஷின் என்றால் இந்த உலகத்தில் தனி மதிப்பு. 1992இல் பிரித்தானியாவில் ஹூவர் ஒரு சலுகை அறிவித்தது. 100 பவுண்ஸுக்குச் சாமான் வாங்கினால் அமெரிக்காவுக்குப் போய்வர இரண்டு விமான டிக்கெட். டிக்கெட்டின் விலை அதைவிட எத்தனையோ மடங்கு! சனம் டிக்கெட்டுக்காகவே தூசு உறிஞ்சிகளை அள்ளிக்கொண்டு போனது, கம்பனிக்கு 50 மில்லியன் பவுண்ஸ் அளவில் நட்டம், பெரிய அதிகாரிகளுக்கு வேலை போனது. பாவிக்காத ஹூவர்கள் செகண்ட்ஹான்ட் விளம்பரங்களில் குவிந்தன. அப்படி ஒன்று பெட்டியோடு கிடைத்தால் சேகரிப்பாளருக்குப் புதையல். எனக்கோ அதில் வாசிக்க ஒன்றுமே இல்லை, யாரும் அதைக்கொண்டு ஒரு அறைகூடக் கூட்டவில்லை.

நான் பார்த்த வீடியோக்களில் திருத்துகிறவர்கள் அநேகமாக ஆம்பிளைகள். சின்ன வயதில் அம்மாவின் அல்லது அம்மம்மாவின் மெஷினுக்குப் பின்னால் ஓடித் திரிந்ததைப் பலரும் ஆசையோடு சொல்கிறார்கள். அந்த ஆசை உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாமார் ஒருத்தரும் அதைத் தேடி வாங்குகிற மாதிரித் தெரியவில்லை.

எங்கட சித்தி லண்டனில் இருக்கிறா. பதினைந்து வருசமாக ஒபிஸ் கிளீனிங். விடிய நாலு மணிக்கு ஒரு கட்டடம், பின்னேரம் இன்னொன்று. அவவிட மெஷின் ஹென்றி. சிவப்பு உருளையில் கண்ணும் சிரிப்பும் வரைந்து, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் குழாய் நீளும். எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்து இங்கிலாந்தின் சமசெற் பகுதியில் சார்ட் என்ற ஊரில் செய்கிறார்கள். முதலில் வேலைத்தலங்களுக்காகச் செய்தது, பிறகு வீடுகளுக்கும் போனது. நான் அந்த ஹூவர் ஜூனியர் வீடியோவைச் சித்திக்கு அனுப்பினேன். மூன்று நாளுக்குப் பிறகு வொய்ஸ் வந்தது.

"ஏன் பிள்ளை, அந்தாள் இதுக்குப் போய் இப்பிடி மினக்கெடுறார்? நல்லாத்தான் செய்யிறார், இல்லையெண்டில்லை. ஆனா கைபிடியைக் கிட்டக் காட்டாமல் உரஞ்சிப்போட்டாரே. கைபிடி எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு எண்டு பாத்தா, பிடிச்சவ இடக்கையா வலக்கையா எண்டு சொல்லிப்போடலாம்."

நான் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிசத்தில் கைபிடி ஒரு செக்கன் தெரிகிறது. அடுத்த காட்சியில் அது புதிது மாதிரி மினுங்குது.

பிறகு கோல் எடுத்துக் கதைத்தபோது சித்தி தன்ர ஹென்றியைப் பற்றிச் சொன்னா. குழாய் வெடித்த இடத்தில் கறுத்த ரேப் சுற்றி மூன்று வருசம் ஓட்டினது. ஒரு பக்கத்துக் கண் உரஞ்சுப்பட்டு அழிஞ்சது. வயரை எட்டுப் போட்டுச் சுற்றினால்தான் முறுகாது என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கினது. வலது தோள்மூட்டு இப்ப மேலே தூக்க ஏலாது, அதுவும் அந்தக் குழாயின் புண்ணியம். போன மாசம் வேலைத்தலத்தில் எல்லா மெஷினையும் மாற்றிவிட்டார்களாம், பழையதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

"கேட்டு எடுத்திருக்கலாமே சித்தி" என்றேன்.

"எடுத்து எங்கையடி வைக்கிறது? ரெண்டு அறை வீடு. வீட்டிலயும் ஒரு ஹென்றி நிக்குது."